இடது விலாவுக்குக் கீழே

நாலாம் லைனில் பன் வருகிறது,
நிமிஷத்துக்கு நூற்றெண்பது.
எதிரே நின்ற ரொஹெலியோ
கொரோனாவோடு ஆஸ்பத்திரியில்.
அவன் நின்ற இடத்தில்
மஞ்சள் டேப்பால் ஒரு புள்ளடி.
அதன்மேல் இன்றைக்கு ஏஜென்சி அனுப்பிய பெடியன்
இருமலை விழுங்கிக்கொண்டு நிற்கிறான்.

வீட்டில் தர்மினி
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் குளிசை போடுகிறாள்.
உடம்பின் காவல்காரரை
நித்திரையாக்கி வைக்கிற குளிசை.
முழித்தால் வந்த விருந்தாளியை
அடித்துத் துரத்திவிடுவார்கள் என்று
டொக்டர் படம் கீறிச் சொன்னபோது
இரண்டு பேரும் சிரித்தோம்.
காவல் தூங்கும் அந்த வீட்டுக்கு
ஒவ்வொரு விடியலும்
நான்தான் திறப்போடு போகிறேன்.

பின்வாசலில் உடுப்பைக் கழற்றிக்
கறுப்புப் பையில் கட்டிவிட்டு
பேஸ்மென்டில், வோஷருக்குப் பக்கத்தில் படுக்கை.
மேலே அவள் நடப்பது கேட்கும்.
குசினி. சோபா. ஜன்னல்.
ஜன்னலில் கொஞ்சம் கூடுதல் நேரம்.
ஒருநாள் தும்மினாள்.
எழும்பி இருந்து
அடுத்த தும்மலுக்காகப் பின்னேரம் வரை காத்திருந்தேன்.
மிளகாய் வறுத்தாளாம்.

வியாழன் இரவு கையுறையைக் கழற்றி
பெல்ட்டின் ஓரத்தில் வைத்துச் சொன்னேன்:
இந்த வேலையை மறுக்கிறேன்.
அப்படிச் சொல்லலாம் என்று
சாப்பாட்டறையில், மைக்ரோவேவுக்கு மேலே
ஒரு பச்சைத் தாள் ஒட்டியிருக்கிறது.
மீன் குழம்பு சூடாகும் இரண்டரை நிமிஷங்களில்
பத்து வருஷமாக, வரி வரியாக,
அதை வாசித்திருக்கிறேன்.
பிரெண்டா என்னைக்
கருகின பன்னைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.
லைன் நிற்கவில்லை.

அமைச்சிலிருந்து போனில் கதைத்தவர் நல்லவர்.
என் பெயரைச் சரியாகச் சொல்ல
மூன்று தரம் முயன்றார்.
காய்ச்சலா? இல்லை.
சலரோகம், ஆஸ்துமா? இல்லை.
மாஸ்க் தந்தார்களா?
கிழமைக்கு ஒன்று.
அதை எழுதிக்கொண்டார்.
என் மனைவிக்கு, என்று தொடங்கினேன்.
மனைவியும் அங்கேயா வேலை?
இல்லை.
மன்னிக்கவேணும். சட்டம் தொழிலாளியைத்தான் பார்க்கும்.
ஆபத்து உங்கள் உடம்புக்கா
என்பதுதான் கேள்வி.

சேர்ட்டைத் தூக்கினேன்.
போனில் அது அவருக்குத் தெரியாது.
இடது விலாவுக்குக் கீழே
ஆறு வருஷத் தழும்பு.
பக்கத்துப் பக்கத்து அறைகளில் எங்களைக் கிடத்தி
இங்கே எடுத்து அங்கே வைத்தார்கள்.
சொன்னேன்:
என் உடம்பில் ஒரு துண்டு
இந்த நேரம் ஸ்காபரோவில்,
மூன்றாம் நம்பர் வீட்டில்,
கச்சான் உரித்தபடி நாடகம் பார்க்கிறது.
ஆபத்து அதற்கு.

அவர் கதைக்கவில்லை.
கீபோர்டும் தட்டுப்படவில்லை.
பிறகு, மெல்ல:
அதை எழுத இந்தப் படிவத்தில் பெட்டி இல்லை.

தீர்ப்பு திங்கள் வந்தது.
லைனுக்கு நடுவே பிளாஸ்டிக் மறைப்புப் போடவேணும்,
நாளுக்கு ஒரு மாஸ்க் கொடுக்கவேணும்,
மறுப்பு செல்லாது.
ஏஜென்சிப் பெடியனுக்காவது
அந்த மாஸ்க் கிடைத்திருக்கும்.
கடைசிப் பந்தியில், சின்ன எழுத்தில்,
சம்பளமில்லாத லீவு ஒன்றும் உண்டு என்றிருந்தது.
அதை யாரும் சுவரில் ஒட்டவில்லை.

அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.
பதினாலு நாளைக்குக் கீழேயே இரு என்று
எனக்கு நானே சொன்னேன்.
படிக்கட்டின் மேல்முனையில் அவள்,
அடிமுனையில் நான்,
நடுவே பதின்மூன்று படி.
போனில் சொன்னதையெல்லாம் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே இருந்தவள்
திடீரென்று கோபப்பட்டாள்.

"ஆறு வருஷமாத் தண்ணி ஊத்தி
வளர்த்துக்கொண்டிருக்கிறது நான்.
கவுண்மேந்துக்கு
உங்கட எண்டு சொல்லிப்போட்டீங்களோ?"

பிறகு ஒரு தட்டை ஐந்தாம் படியில் வைத்துவிட்டு
மேலே ஏறிப் போனாள்.
இரண்டு முட்டை, பாண்,
பக்கத்தில் மடித்த துண்டில்
வாடகைக் கணக்கு.